குறைவாக அடித்த காசு கூடுதல் விலை பெறுமோ?

நாணயம் என்னும் சொல் கையிலுள்ள காசினையும் மனத்திலுள்ள நேர்மையினையும் ஒருங்கே குறிப்பது. காசினை நோட்டம் பார்த்து, நல்லது இது, தீயது இது எனத் தெரிந்துரைப்போனைப் பண்டைத் தமிழர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அச்சொல் இணைந்து வழங்குகின்றது. நம் மட்டக்களப்புப் பகுதியிலோ கோயிற் பொறுப்பாளரை இன்றும் வண்ணக்கர் என்றே அழைக்கின்றோம். காசு நோக்கும் கண்ணும் பொதுப்பொருள் காக்கும் கையும் ஒரே பெயர் பெற்றமை சிந்திக்கத் தக்கது. அவ்வண்ணக்கன் கண் இன்று நம் மாணவர்க்கு வேண்டப்படுகின்றது. அதன் காரணத்தை ஈண்டுக் கூறுவேன்.

இலங்கை மத்திய வங்கி, நாட்டின் 25 நிருவாக மாவட்டங்களுக்கும் தனித்தனி வடிவம் அமைத்து, 2013 என்னும் ஆண்டு பொறித்த பத்து ரூபாய் நாணயக்குற்றிகளை வெளியிட்டது. ஒவ்வொரு வடிவமும் வழமையான பத்து ரூபாய்க் குற்றியினும் தொகையிற் குறைந்ததே. காத்தான்குடியிலே யான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் மாணவன் ஒருவன், கொப்பி வாங்கவென வீட்டார் கொடுத்த ஐந்நூறு ரூபாயையும் கொடுத்து, மட்டக்களப்பு மாவட்டக் குற்றி ஒன்றை வாங்கி வந்தான். “குறைவாக அடித்த காசு, சேர், சில ஆண்டில் ஆயிரக்கணக்கிற் போகுமாம்” என்றான். விற்றவன் சொன்ன சொல்லே அவனுக்குச் சான்று. அச்சொல் மெய்யா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசொன்றின் விலையை அறிய மூன்று வினாக்கள் வேண்டும். எத்தனை அடித்தனர்? எத்தனை நல்ல நிலையில் எஞ்சியுள்ளன? எத்தனை பேர் அதனை விரும்பித் தேடுகின்றனர்? விற்போர் முதல் வினாவுக்கு மாத்திரமே விடை சொல்வர். மற்றை இரண்டுமே விலையைத் தீர்மானிப்பன.

நம் நாட்டு எடுத்துக்காட்டினை முதலில் நோக்குவோம். புத்த ஜெயந்தியின் 2500 ஆவது ஆண்டு நினைவாக 1957 ஆம் ஆண்டு பொறித்த ஐந்து ரூபாய் வெள்ளிக் குற்றிகள் 5 இலட்சம் அடிக்கப்பட்டன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை திரும்பி வந்து 1962 இல் உருக்கப்பட்டன. ஆகவே, அடித்த தொகை வேறு, எஞ்சிய தொகை வேறு. அன்றியும் அக்குற்றி 28 கிராமுக்குச் சற்றுக் கூடிய நிறையுடையது. ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. சேகரிப்போர் ஒருவரும் இல்லாவிடினும் அவ்வுலோகமே இன்று பல ஆயிரம் ரூபாய் பெறும். அதே நினைவுக்காக அதே ஆண்டில் அடித்த ஒரு ரூபாய்க் குற்றியோ செப்பும் நிக்கலும் கலந்தது. தொகை 20 இலட்சம். தாங்கி நிற்க விலையுயர்ந்த உலோகம் அதற்கில்லை. ஆதலின் இன்றும் அது எளிய விலைக்கே கிடைக்கின்றது. இக்காலப் பத்து ரூபாய்க் குற்றிகளும் வெள்ளிக் குற்றியின் இனத்தைச் சார்ந்தவையல்ல என்பதை மறத்தலாகாது.

இனி, பிறநாட்டுச் செய்தி இரண்டு. அமெரிக்காவின் டென்வர் அக்கசாலை 1950 ஆம் ஆண்டு அடித்த ஐந்து சதக் காசு ஏறத்தாழ 26 இலட்சமே. அந்நாட்டு அளவில் அது மிகச் சிறிய தொகை. அதனை அறிந்தோர் பலர் வங்கியிலிருந்து வந்த புதுக்காசுகளைச் சுருள் சுருளாகப் பூட்டி வைத்தனர். விலை ஏறி, 1964 அளவில் முகப்பெறுமதியின் பலநூறு மடங்கினை எட்டியது, பின்னர் சரிந்தது. காரணம் வெளிப்படை. எல்லாரும் காத்து வைத்த பொருள் அரும்பொருள் ஆவதில்லை. தொகையிற் குறைந்த அக்காசு, புதுமை குன்றாத நிலையில் இன்றும் எளிதிற் கிடைக்கின்றது.

மாறாக, பிரித்தானியாவில் 2009 ஆம் ஆண்டு கியூ பூங்காவின் நினைவாக வெளிவந்த ஐம்பது பென்சுக் காசு 2 இலட்சத்து 10 ஆயிரம் மட்டுமே. அதன் அருமை தெரியாது மக்கள் அதனைப் பலசரக்குக் கடையிலும் பேருந்திலும் செலவழித்தனர். அருமை தெரிந்தபோது, சில்லறைக் காசு தேடும் பழக்கமுடைய பெருங்கூட்டம் அந்நாட்டிலே காத்திருந்தது. ஆகவே அரைப் பவுண்டுக் காசு நூறு பவுண்டுக்கு மேலும் விலைபோயிற்று. அங்கே கைக்காசைச் செலவழியாது வைத்திருந்தவன் பயன்பெற்றான். நூறு மடங்கு கொடுத்து வாங்கியவன் அப்பயனைப் பெற்றான் அல்லன்.

இவற்றாற் பெறப்படுவது யாது? அண்மையில் அடித்த காசு தொகையிற் குறைந்தமையால் மாத்திரம் விலை ஏறாது. வெளிவந்த நாளிலேயே “இது அரியது” எனப் பறைசாற்றப்படும் காசு, பெரும்பாலும் பெட்டிகளிலே பத்திரமாக உறங்கும். அவ்வாறு உறங்குங் காசிற்கு இன்னொரு பகையும் உண்டு. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மியது. காசின்மேற் பொறித்த எண் மாறவில்லை. அது வாங்கும் பொருளே சுருங்கியது.

ஆதலின் மாணவர்க்கு யான் கூறுவது இது. கடையிற் கிடைத்த மிகுதிச் சில்லறையில் மாவட்டக் குற்றி வந்தால் மகிழ்ந்து எடுத்து வையுங்கள். அதனால் வரும் இழப்பு பத்து ரூபாய்க்கு மேற்படாது. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய காசினைச் சேகரிப்போர் விரும்பார். ஒருவன் அதனை ஐந்நூறு ரூபாய்க்கு விற்க வந்தால், “நாளை இதனை நீர் என்னிடம் என்ன விலைக்கு வாங்குவீர்?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் அவ்விலையே காசின் உண்மை விலை. விடை சொல்லத் தயங்குவானாயின், அத்தயக்கமே போதிய விடை.

சேகரித்தல் நல்ல கலை. நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய குற்றியைப் பேரப்பிள்ளைக்குக் காட்டும் இன்பத்திற்கு விலை கூற வேண்டியதில்லை. அவ்வின்பத்திற்காக வாங்குபவன் ஏமாறுவதில்லை. ஆயின் கொப்பிக் காசையும் மருந்துக் காசையும் ஆதாயம் கருதி அதில் இடுதல் தகாது. கல்லூரி நமக்கு எழுத்தோடு எண்ணையும் கற்பித்தது. விழாக்கொண்டாடும் இவ்வேளையில், காசினை நோக்கும் கண்ணோடு அதனை விற்போன் சொல்லையும் நோக்கும் கண் நம் இளைஞர்க்கு வாய்ப்பதாக.