டீசல் எங்கே போனது?

கோலார் பக்கம் தக்காளி நிறைய விளைகிறது. அதைப் பெங்களூர்ச் சந்தைக்கு ஏற்றி வரும் சின்ன லாரி அது. போக வர 140 கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். லாரி சொந்தம்தான். ஆனால் கடன் இன்னும் தீரவில்லை.

கணக்கு எழுதுவது டிரைவரின் மனைவி. எழுத்தறிவு மையத்தில் படித்தவர். நோட்டில் கோடு போட்டுத் தேதி, கிலோமீட்டர், டீசல் என்று எழுதி வருவார். வாரம் 840 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 84 லிட்டர் ஆகும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். மாதக் கணக்கில் இது மாறவே இல்லை.

ஒரு வாரம் 86 என்று வந்தது. அடுத்த வாரம் 88.

"ஏங்க, நாலு லிட்டர் கூடியிருக்கே?"

டிரைவருக்குச் சட்டென்று கிளீனர் பையன் மேல் சந்தேகம் வந்தது. இரவில் வண்டியில் படுப்பவன் அவன்தான். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் நாலு லிட்டருக்கு 360 ரூபாய் ஆயிற்றே! "டீசலை எடுத்து வித்தியாடா?" என்று கேட்டே விட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அந்த வாரம் பையன் இல்லை. ஆனாலும் நோட்டில் 88 லிட்டர்தான் வந்தது.

மனைவி நோட்டைக் கணவர் முன் வைத்தார். "இப்ப யாருங்க எடுத்தது?"

டிரைவர் கலாசிபாளையத்தில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார்.

"ஸ்டியரிங் நேரா நிக்குதா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இல்ல பாய். கொஞ்சம் கோணலா பிடிச்சாத்தான் வண்டி நேரா போகுது."

"எப்பலேர்ந்து?"

டிரைவர் யோசித்தார். மழை நாளில் தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கியது. அடியில் ஏதோ கல் இடித்தது. அதற்குப் பிறகுதான். ஆனால் டயர் நன்றாகத்தானே இருக்கிறது?

மெக்கானிக் முன்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவச் சொன்னார். டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளி விளிம்பில் பட்டை அப்படியே இருந்தது. உள் விளிம்பு வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. நடுப்பட்டையைக் குறுக்காகத் தடவினால் ஒரு பக்கம் போகும்போது மென்மை. திரும்பி வரும்போது ரம்பப் பல் போலக் கையில் தட்டியது. சக்கரம் கோணி ஓடுகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

பிறகு அளந்தார். இரண்டு முன் டயர்களின் நடுவிலும் சாக்குக்கட்டியால் ஒரு குறி. முன்பக்கம் குறிக்குக் குறி தூரம் பார்த்தார். வண்டியை அரைச் சுற்றுத் தள்ளிக் குறிகளைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளந்தார். முன்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம்! இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு கல்லில் பட்டு வளைந்திருந்தது. அதனால் சக்கரங்கள் முன்னால் விரிந்து நின்றன.

ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் பங்கு முக்கால் சென்டிமீட்டர். சக்கரத்தின் உயரம் 75 சென்டிமீட்டர். அதாவது நூறில் ஒரு பங்கு கோணல். வண்டி நூறு மீட்டர் போனால் டயர் ஒரு மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். 140 கிலோமீட்டருக்கு 1,400 மீட்டர். தினமும் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் தூரம் டயரைத் தார் ரோட்டில் தேய்த்து இழுத்த மாதிரி. இழுக்கிற வேலையை எஞ்சின்தான் செய்ய வேண்டும். எஞ்சினுக்குச் சாப்பாடு டீசல்.

"எல்லா டீசலும் இதுல போகல" என்றார் மெக்கானிக். காற்றை அளந்தார். நாலு டயரில் குறைவாக இருந்தது. காற்றுக் குறைந்த டயர் ரோட்டில் அதிகமாக அமுங்கும், சூடாகும். அதை உருட்டவும் டீசல் கூட வேண்டும். காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கிளீனர் பையன்தான். ஆனால் அளக்கும் கருவி அவனிடம் இல்லை. டயரைத் தட்டிப் பார்த்துச் சொல்வான். தட்டிப் பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

கோணல் சக்கரம் டீசலைவிட டயரைத்தான் அதிகம் தின்னும். அந்த டயர்களின் விலையை டீசல் கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோது டிரைவருக்கு மயக்கம் வராத குறை.

வளைந்த கம்பியைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டார். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. நிமிர்த்திய கம்பி ஓட்டத்தில் முறிந்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. புதுக் கம்பிதான் போட வேண்டும். அதற்கு முன் பேரிங்கிலும் மூட்டுகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் காசு வீண். நாலு நாளில் பழையபடி கோணிக்கொள்ளும். காற்றையும் முதலில் சரிசெய்தார். பிறகுதான் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சக்கரத்தை வைத்தார்.

"வேகத்துல ஸ்டியரிங் அதிர்ந்தா?" என்று கேட்டார் டிரைவர்.

"அது பேலன்சிங். வேற வேலை. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க."

அன்று மாலை டிரைவர் பையனின் வீட்டுக்குப் போனார். அவனுடைய அம்மா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"உன்னை அப்படிக் கேட்டது தப்புப்பா. வண்டியிலதான் கோளாறு" என்றார் டிரைவர்.

பையன் இரண்டு நாள் கழித்து வந்தான். அடுத்த வாரம் நோட்டில் 85 லிட்டர் என்று பதிந்தது. மனைவி நோட்டில் இன்னொரு கோடு போட்டார். மேலே 'காற்று' என்று எழுதினார். இப்போது வாரம் ஒருமுறை, ஓட்டத்துக்கு முன், டயர் சூடாகாதபோது பையன் அளக்கிறான். சின்னக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணைப் படித்து அவனே எழுதுகிறான்.