ஏழு நாள் முகாமும் கடைசித் தெருவும்

எங்காவது சாதிக் கலவரமோ மதக் கலவரமோ நடந்தால், மறுநாள் தேநீர்க் கடையிலும் ஆசிரியர் அறையிலும் ஒரே பேச்சுதான்: "பதினெட்டு வயசு ஆனதும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வருஷம் நாட்டுச் சேவைக்கு அனுப்பிடணும் சார். ஒண்ணாச் சாப்பிட்டு ஒண்ணாப் படுத்தா எல்லாம் சரியாயிடும்." பதினோரு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து முகாம் நடத்தியவன் நான். இந்தப் பேச்சில் பாதியை நம்புகிறேன். ஒன்றாகச் சாப்பிட்டால் சில விஷயங்கள் மாறத்தான் செய்கின்றன. ஆனால் ஒன்றாகச் சாப்பிடுவது தானாக நடப்பதில்லை. அதற்கு ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சிலரிடம் கெட்ட பெயரும் வாங்க வேண்டும்.

இந்த விவாதம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாம் என்றது. பிறகு பல நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்த கே.ஜி. சையதைன், விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்தால் போதும் என்றார். கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இன்று சுமார் 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த 240 மணி நேரத்தில் பெரும்பகுதி கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கழிந்துவிடும். ஊருக்குள் போய்த் தங்கும் அந்த ஏழு நாளில்தான் சேவை மனிதர்களைச் சேர்க்குமா என்பது கொஞ்சமாவது தெரியவரும். புதிதாகப் பொறுப்பேற்கும் திட்ட அலுவலர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் எல்லாத் தெருக்களிலும் நடந்து பாருங்கள்.

என் முதல் முகாமுக்கு ஊர் பார்க்கப் போனபோது ஊராட்சித் தலைவர் வீட்டில் காபி குடித்தேன், அவர் காட்டிய சமுதாயக்கூடத்தைப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். முகாமிலும் அவர் காட்டிய இடங்களில்தான் வேலை. கோயில் குளத்துக் கரை, பேருந்து நிறுத்தம், சாலையோரச் சீமைக்கருவேலம். ஐந்தாம் நாள் காலையில் ஒரு பாட்டி வந்து, "எங்க தெருவுக்கு எப்பய்யா வருவீங்க?" என்று கேட்டார். கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. என் மாணவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அப்படிப்பட்ட தெருக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தத் தெருவை ஊரில் 'காலனி' என்றார்கள். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025-இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் சொல் போன பிறகும் தெரு அங்கேதான் இருக்கும். உங்கள் முகாம் அங்கே போகிறதா என்று பாருங்கள்.

• குழுக்களை நீங்களே பிரியுங்கள்.

"பத்துப் பத்துப் பேரா நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று விட்டீர்களானால், அரை மணி நேரத்தில் ஒரே ஊர், ஒரே பேருந்து, ஒரே சாதி என்று கனகச்சிதமாகப் பிரிந்து நிற்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, பழக்கமே போதும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், படுக்கும் இடத்துக்கும் சேர்த்து.

இந்தக் கலப்பை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா உள்நாட்டுப் போர். பட்டினியால் மட்டும் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். போர் முடிந்த மூன்றாம் ஆண்டு, 1973 மே மாதம், யாக்குபு கோவோன் அரசு தேசிய இளைஞர் சேவைப் படையை உருவாக்கியது. முப்பது வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் ஓராண்டு பணி செய்ய வேண்டும். பொதுவாகச் சொந்த மாநிலத்துக்கு வெளியேதான் அனுப்புவார்கள். தெற்கத்திய இக்போ பிள்ளை வடக்கே ஹவுசா ஊரில் கணக்கு வாத்தியாராகப் போவான். மூன்று வாரப் பயிற்சி முகாம், காக்கி உடை, மாதப்படி. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது நடக்கிறது.

பலன் என்ன? வேற்று இனத்தார் பகுதிக்குப் போய்வந்தவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. போய்வந்தவர்களுக்கு நாட்டின் மேல் பற்று கூடியிருந்தது, மற்றப் பகுதிகளைப் பற்றிய அறிவும் கூடியிருந்தது. கூடவே, சொந்த இனத்தின் மேலான பெருமிதமும் கூடியிருந்தது. சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெல்லிக்குப் போன பிறகு தமிழ் மேல் பிரியம் கூடிய எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! அவர்கள் யாரும் நாட்டை வெறுத்துவிடவில்லை. ஒற்றுமை என்றால் அவரவர் அடையாளத்தை வாசலில் கழற்றி வைப்பது என்று நினைப்பவர்கள்தான் இந்த முடிவைப் பார்த்துப் பதறுவார்கள்.

• அடுப்படியில் எல்லோருக்கும் முறை வையுங்கள்.

என் அனுபவத்தில் முகாமின் மையம் மண்வெட்டியிலும் பாண்டிலும் இல்லை, அடுப்பில்தான் இருக்கிறது. சமையல்காரரை வைத்துவிட்டால் வேலை சுலபம், ஒன்றும் நடக்காது. காய் நறுக்குவது, அண்டா கழுவுவது, பரிமாறுவது எல்லாம் சுழற்சியில் வரட்டும், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஊர்க்காரர்கள் அன்போடு உணவு கொண்டுவருவார்கள். எல்லாத் தெருவிலிருந்தும் வாங்குங்கள், இல்லையென்றால் எந்தத் தெருவிலிருந்தும் வாங்காதீர்கள்.

ஒரு முகாமில் இரண்டாம் நாள் இரவு, கடைசித் தெருவிலிருந்து குழம்பு வந்தது. ஒரு மாணவன் வயிறு சரியில்லை என்று சொல்லிக் கடையில் பன் வாங்கித் தின்றான். மறுநாளும் அதே வயிற்று வலி. எனக்குப் புரிந்தது. திட்டவில்லை, பெயர் சொல்லி நிறுத்தவும் இல்லை. அவனைச் சமையல் குழுவுக்கு மாற்றினேன். அதே தெருவைச் சேர்ந்த அக்கா ஒருவர் வந்து, நாற்பது பேருக்கு உப்பு போடுவது எப்படி என்று அந்தக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான்காம் நாள் அவன் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். நான்காம் நாள் சாப்பிட்டான், அது எனக்குத் தெரியும்.

• வேலை நிஜமாக இருக்கட்டும்.

தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் கன்று நடுவது வேலை இல்லை. வரத்துக்கால் தூர்ந்து கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லையா, அதை எடுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் வந்தால் இரண்டு பக்கத் தெருக்காரர்களும் பார்ப்பார்கள்.

• மாணவிகளுக்கும் அதே வேலையைக் கொடுங்கள். கோலமும் வரவேற்புத் தட்டும் மட்டும் அவர்கள் பங்காகிவிடக் கூடாது. கழிப்பறை வசதியை முதலில் உறுதி செய்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• கட்டாயமாக்கினால் ஒற்றுமை வரும் என்று நம்பாதீர்கள்.

1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரிகளில் தேசிய மாணவர் படையைக் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் அது மறுபடியும் விருப்பத்துக்கு விடப்பட்டது. மலேசியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். மலாய், சீன, இந்தியப் பிள்ளைகளை ஒன்றாக்க வேண்டும் என்றே 2004-இல் அங்கே தேசிய சேவைப் பயிற்சி தொடங்கியது. பதினெட்டு வயதினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் முகாமில் வைத்தார்கள். பெருஞ்செலவு, முகாம்களில் நேர்ந்த மரணங்கள், பெற்றோரின் பயம் எல்லாம் சேர்ந்து 2018-இல் அரசு அதை ஒழித்தது. 2025-இல் 45 நாள் திட்டமாக மறுபடி கொண்டுவந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளி என்று ஏழு வயதிலேயே வெவ்வேறு வாசலில் நுழைந்த பிள்ளைகள் அவர்கள். தாய்மொழிப் பள்ளி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மற்ற இடங்களில் சேரவே வழி செய்யாமல், பதினெட்டு வயதில் மூன்று மாதத்தின் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றியது நியாயமில்லை.

உடனே சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே 1967 முதல் கட்டாய ராணுவ சேவை. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் மலாய் மொழிக் கட்டளைக்கு ஒரே வரிசையில் அடியெடுத்து வைப்பது பெரிய காட்சிதான். ஆனால் தொடக்கத்தில் பல ஆண்டுகள் மலாய் இளைஞர்களில் பெரும்பாலோரை அந்தச் சேவைக்கு அழைக்கவே இல்லை. எல்லோருக்கும் பொது என்ற கடமையிலிருந்து ஒரு சமூகத்தை மட்டும் ஒதுக்கினால், 'உன்னை நம்பவில்லை' என்று அரசே முத்திரை குத்தியதாகிறது. அந்த வடு லேசில் ஆறாது.

• சாதியைப் பற்றிப் பேசாமல் கடந்துவிடாதீர்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது முதல் பல பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, எல்லாச் சமூக மாணவர்களும் சேரும் சமூக நீதி மாணவர் படை. நோக்கத்தை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் சீருடை கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு எனக்குப் பயம் தருகிறது. முகாமில் கயிற்றைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுவார்கள்; பைக்குள் வைத்திருப்பார்கள். ஏன் கட்டினாய் என்று இரவில் உட்கார்ந்து பேச வையுங்கள். முதல் நாள் பேச மாட்டார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு பேசுவார்கள்.

• ஊர்க்காரர்களுக்கு உபதேசம் செய்யாதீர்கள். ஐம்பது ஆண்டுகளாக விவசாயம் பார்ப்பவரை உட்காரவைத்துப் பத்தொன்பது வயதுப் பிள்ளை நீர் மேலாண்மை பற்றிப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பேசச் சொல்லுங்கள்.

• வராதவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். யார் கேட்டாலும்.

• பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்தாதீர்கள். நைஜீரியாவில் 2011 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையில், பவுச்சி மாநிலத்தில் சேவைக்குப் போன இளைஞர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். தேர்தல் பணிக்கு அவர்களை அமர்த்தியிருந்தார்கள். இணைக்கப் போன பிள்ளைகளே பிரிவினைக்குப் பலியானார்கள். நாட்டுக்காகப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு, அவன் பத்திரமாகத் திரும்புவான் என்ற உறுதியை நாடு தர வேண்டும். அதைத் தர முடியாத இடத்துக்கு அனுப்பக் கூடாது.

• நிறைவு விழாவுக்காக வேலையை நிறுத்தாதீர்கள்.

அறிக்கைக்குக் கன்றுகளின் எண்ணிக்கை வேண்டும், பேனரோடு படம் வேண்டும், தலைமை விருந்தினர் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார். அந்தப் பாட்டியின் தெருவுக்கு நாங்கள் ஏழாம் நாள் காலையில்தான் போனோம். தூர்ந்து கிடந்த சாக்கடையைப் பாதி வரை தோண்டியதும், விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அள்ளிப்போட்ட சேறு தெருவோரத்திலேயே கிடந்தது. மறு ஆண்டு அதே ஊருக்கு முகாம் கேட்டு வாங்கி, முதல் நாளே அந்தத் தெருவிலிருந்து தொடங்கி, மீதியை முடித்தோம். நீங்கள் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள்.