மலரும் நிலமும்: மடகாஸ்கரின் நறுமண ஆர்க்கிட்

மலரை அதன் நிலத்தினின்றும் பிரித்து நோக்காதது தமிழ் மரபு. குறிஞ்சியும் முல்லையும் பூவின் பெயர்கள்; அவையே நிலத்திற்கும் பெயர்களாயின. நிலம், பொழுது, மரம், உயிரினம் ஆகியவற்றை ஒருசேரக் காணும் அந்நோக்கு, அயல்நிலத்து மலரொன்றை அறியவும் நமக்குத் துணைசெய்யும். மடகாஸ்கர் தீவின் 'அங்க்ரேக்கம் செஸ்குவிபெடேல்' என்னும் ஆர்க்கிட்டை அவ்வாறு காண முற்படுகிறோம்.

பெயர்

ஆர்க்கிட்டைக் குறிக்கும் 'அங்க்ரெக்' என்ற மலாய்ச் சொல்லே 'அங்க்ரேக்கம்' ஆயிற்று. 'செஸ்குவிபெடேல்' என்பது ஒன்றரை அடி எனப் பொருள்படும் இலத்தீன் சொல். மலரின் பின்னே வால்போல் தொங்கும் நீண்ட குழலைக் கருதி இப்பெயர் இடப்பெற்றது.

வாழிடம்

தீவின் கிழக்குக் கரையை அடுத்த, மழைமிகுந்த தாழ்நிலக் காடுகளே இதன் தாயகம். மரங்கள் சற்றே விலகி நிற்கும் இடங்களில் கிளைகளையும் அடிமரங்களையும் பற்றி வளர்கிறது. சிலவிடத்துப் பாறைமீதும் காணப்படும். மரத்தின்மேல் வாழினும் இது புல்லுருவி அன்று. மரத்தின் சாற்றை இது உண்பதில்லை. மரம் தருவது இருக்க இடம் மட்டுமே. தடித்த வேர்கள் மழையின் ஈரத்தை ஈர்த்துக்கொள்கின்றன.

மணம் யாருக்காக?

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கு இது பூக்கும் பருவம். விண்மீன் வடிவினதாகிய இவ்வெண்மலர் இருள் சூழ்ந்த பின்னரே மணம் மிகுந்து கமழும். 1862இல் டார்வின் இதன் குழலை அளந்தார். ஏறத்தாழ 29 செ.மீ. நீளமுள்ள குழலின் அடியில் 4 செ.மீ. அளவே தேன் இருந்தது. எனவே 25 முதல் 28 செ.மீ. வரை நீளும் உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று அவர் எழுதினார். பூச்சியியலார் சிலர் நகைத்தனர். அவர் மறைந்து 21 ஆண்டுகளுக்குப்பின், 1903இல், அத்தகைய பூச்சி பெயரிட்டு விவரிக்கப்பெற்றது. 2021இல் அது தனியினமாக வகைப்படுத்தப்பட்டது. இரவில் பறக்கும் அப்பூச்சிக்கே அந்த இரவு மணம்.

நாம் கொள்ளத்தக்கது

இன்று இச்செடி பல நாடுகளின் கண்ணாடிக் குடில்களில் வளர்கிறது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டிப் பூக்கிறது. ஆயின் அங்கு மணம் விடுக்கும் அழைப்பிற்கு விருந்து வருவதில்லை. மனிதர் கையால் மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் உண்டாவதில்லை. தூசியன்ன அதன் விதை இயற்கையில் முளைப்பதற்கும் ஒருவகைப் பூஞ்சையின் துணை வேண்டும்.

பயிர்நிலத்திற்காகவும் கரிக்காகவும் மடகாஸ்கரின் காடுகள் அழிக்கப்படுகின்றன. செடியைத் தொட்டியில் காத்துவிடலாம். பூச்சியையும் பூஞ்சையையும் மரத்தையும் மழையையும் தொட்டியில் காத்தல் இயலாது. ஆதலின் மலரைக் காத்தல் என்பது அதன் நிலத்தைக் காத்தலே என்பது எம் கருத்து. பூவால் நிலத்திற்குப் பெயரிட்ட மொழியைப் பயிலும் மாணவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.