தோட்டத்து விடுதிகளில் படுக்கைத் துணிகளைப் பேணும் முறை

நிலத்தின் விளைவை மட்டும் நம்பியிராமல், தோட்டத்து வீட்டின் ஓரிரு அறைகளை வெளியூராருக்குச் சில தினங்கள் வாடகைக்கு விடும் வழக்கம் குடியானவரிடையே பரவி வருகின்றது. கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை முதலிய மலைப் பிரதேசங்களிலும், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் இதனைக் காணலாம். இதில் இறங்குவோர் கட்டடத்திற்கும் வர்ணத்திற்கும் தாராளமாய்ச் செலவு செய்கின்றனர். படுக்கைத் துணியைப்பற்றிக் கடைசியிலேயே நினைக்கின்றனர். வந்தவர் இரவு முழுதும் உடம்பிற் படக் கிடப்பது விரிப்பின்மேல் என்பதை மறத்தலாகாது. ஒரு மூட்டைப்பூச்சியால் வந்த கெட்ட பெயர் ஒரு வருஷத்து வருமானத்தையே கெடுத்துவிடக்கூடும். ஆதலின் இவ்விஷயத்தை ஈண்டு முறையே விளக்குவாம்.

1. துணியும் தொகையும்

வெண்மையான பருத்தி விரிப்புகளே மிகவும் ஏற்றவை. கறை தெரியாதென்று கருநிறத் துணி வாங்குவோர் உளர். அதில் கறை மறையுமேயன்றி நீங்காது. வெயிலில் நிறமும் மங்கும்.

ஒரு படுக்கைக்கு மூன்று விரிப்புகள் வேண்டும்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, பெட்டியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி உலர இரண்டு மூன்று நாள் செல்லுமாகையால் நான்காவதும் அவசியம். நான்கு கட்டிலுள்ள விடுதிக்கு 12 விரிப்பும், மழைக்காலத்திற்கு 16 விரிப்பும் என்று கணக்கிடுக. தலையணை உறைக்கும் துண்டிற்கும் இதுவே கணக்கு. மெத்தைக்குக் கழற்றித் துவைக்கத்தக்க உறையொன்று இடுதல் நலம்.

2. கழற்றும் முறை

ஒருவர் ஓரிரவே தங்கினாலும், துணி அழுக்கின்றித் தோன்றினாலும், அடுத்தவருக்கு அதனை விரித்தலாகாது. கழற்றும்போது அறைக்குள் உதறாமல் சுருட்டிப் பையிலிட்டு வெளியே கொண்டு செல்க. அப்போதே மெத்தையின் தையலோரங்களையும் கட்டிலின் பொருத்துகளையும் பார்த்தல் வேண்டும். சிறு கரும்புள்ளிகள் காணப்படின் மூட்டைப்பூச்சி உண்டென்று ஐயுறுக.

3. கறை நீக்கல்

இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரிலேயே அலசுக. வெந்நீர் பட்டால் அது இறுகிவிடும். தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்கில் சோப்பைத் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிடுக. மஞ்சட்கறை சோப்புப் பட்டவுடன் சிவக்கும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. நன்றாய் அலசி வெயிலிலிட்டால் நாளடைவில் வெளுக்கும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்புச் சத்து மிக்க இடங்களில் துணியில் பழுப்பு நிறம் ஏறும். இதற்கு வெளுப்புத் தூள் இட்டால் கறை இன்னும் ஊன்றும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் வைத்துப் பின் அலசுவதே தக்கது. ஆனால் வெளுப்புத் தூளையும் எலுமிச்சை முதலிய புளிப்புப் பொருள்களையும் ஒருபோதும் கலத்தலாகாது. அக்கலவையினின்று எழும் வாயு நஞ்சாகும்.

4. சலவை

உவர் நீரில் சோப்பு நுரையாது திரியும். அந்நீரில் முதலில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துப் பின் சோப்பு இட்டால் சோப்புச் செலவு குறையும். சேமித்த மழைநீர் இதற்கு மிகச் சிறந்தது.

மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அழிய 60 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள நீரில் துவைத்தல் வேண்டும். நம் சலவைத் தொழிலாளர் தொன்றுதொட்டுக் கையாண்ட வெள்ளாவி முறையில், நீராவியின் சூடு இதற்கும் மேற்பட்டதாகையால் இப்பயன் தானே கிட்டிற்று. வெயிலில் உலர்த்துதலை மட்டும் நம்புதல் பிழை. பூச்சி மடிப்பின் நிழலில் ஒளிந்து தப்பும். துணியைத் துவைத்து, கட்டிலை விட்டுவிட்டாலும் பயனில்லை. மரக்கட்டிலின் பொருத்துகளிற் கொதிநீர் ஊற்றுதல் வேண்டும்.

5. முக்கிய எச்சரிக்கை

பயிருக்கு மருந்து தெளித்தவர் உடுத்த துணியை விருந்தினர் துணியோடு ஒரே தொட்டியிலாவது சலவை யந்திரத்திலாவது போடலாகாது. மருந்து ஒரு துணியினின்று மற்றொன்றிற்கு ஏறும். அதன்மேல் ஒரு குழந்தையும் படுக்கக்கூடும். தெளிப்புத் துணிக்கு வேறு வாளி, வேறு கொடி வைத்துக்கொள்க. யந்திரத்தில் தவறிப் போட்டிருப்பின், வெந்நீரும் சோப்பும் இட்டு அதனை வெறுமையாய் ஒருமுறை ஓட்டுக. மருந்து தெளிக்கும் நாளில் காற்று வரும் திசையில் துணி உலர்த்தலும் கூடாது.

6. உலர்த்தலும் வைத்தலும்

நெற்களத்தருகே கொடி கட்டுதல் தவறு. சூடடிக்கும் காலத்தில் சுணை ஒட்டி, படுப்பவருக்கு அரிப்பை உண்டாக்கும். ஈரம் சற்றேனும் உள்ள துணியை மடித்தால் பூசணம் பிடிக்கும். பெட்டியில் நெடுநாள் இருக்கும் துணிக்குக் கஞ்சி போடுதல் வேண்டா. இராமபாணப் பூச்சி அதனை நாடி வந்து அரிக்கும். நீலம் மஞ்சள் நிறத்தை மறைக்குமேயன்றி அழுக்கை நீக்காது.

7. சலவை நீர்

இந்நீரை வீணாக்காமல் தோட்டத்திற்கு விடலாமா என்று பலர் கேட்பர். சோடாவிலும் சோப்பிலும் உள்ள சோடியம் நாளடைவில் மண்ணைக் களராக்கி, நீர் இறங்காதபடி இறுக்கிவிடும். ஆகவே கடைசியாய் அலசிய நீரையே பாய்ச்சுக. அதனையும் ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விடுக. தென்னை இதனை ஒருவாறு தாங்கும். வாழையும் எலுமிச்சையும் தாங்கா. கீரைப் பாத்திக்கு எந்தச் சலவை நீரையும் விடலாகாது. வெளுப்புத் தூள் கலந்த நீர் எப்பயிருக்கும் உதவாது.

8. கணக்கும் கூலியும்

தேதி, அறை, சலவைக்குப் போன எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை, கிழிந்தவை என ஐந்து பத்திகள் வரைந்த ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. துவைப்போரின் கூலியை வாடகையில் ஓர் அங்கமாகவே முன்னரே கணக்கிடுதல் வேண்டும். வீட்டுப் பெண்டிர் செய்யும் வேலைதானே என்று அதனைக் கணக்கில் சேர்க்காது விடுவோர் பொய்யான லாபத்தையே காண்பர். அறுவடைக் காலத்தில் அவ்வேலைக்கு ஆளின்றித் திண்டாடுவதும் அவர்களே.

சுருங்கக் கூறின், போதுமான துணி, சூடான சலவை, முழு உலர்ச்சி, மருந்துத் துணியை விலக்கல் ஆகிய இந்நான்கையும் கைக்கொள்வோர் விடுதிக்கு வந்தவர் மறுமுறையும் வருவர், நிலமும் கெடாது.