பழைய தட்டச்சுப்பொறியைக் காப்போம்

அஞ்சல்தலை சேர்ப்போரையும் பழங்காசு சேர்ப்போரையும் நீங்கள் அறிவீர்கள். அவர்களைப் போலவே, பழைய கையடக்கத் தட்டச்சுப்பொறிகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுவோரும் பல நாடுகளில் உள்ளனர். பெட்டியிலிட்டுக் கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறிய பொறியே கையடக்கப் பொறியாகும். 1950ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த 'ஒலிவெட்டி லெட்டரா 22' அவ்வகையில் பெரும் புகழ் பெற்றது.

இவற்றுள் நமக்கு மிக நெருங்கியது ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் 1886ஆம் ஆண்டு பிறந்து, 1907ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தவர். அவர் அமைத்த எழுத்துமுறையைக் கொண்டு ஜெர்மனியின் சைடல் நௌமன் நிறுவனம் பொறிகளைச் செய்தது. 'பிஜோ' என்பது அவற்றுள் கையடக்கமானது.

தமிழில் 247 எழுத்துகள் உள. சில பத்து விசைகளில் அவை அடங்குவது எங்ஙனம்? அதற்குத் துணைபுரிவது நகரா விசை. 'க்' என்று அச்சிட முதலில் புள்ளியைத் தட்டுவர். உருளை நகராது நிற்கும். அடுத்துக் 'க' என்னும் விசையைத் தட்ட, இரண்டும் ஓரிடத்திலேயே பதிந்து 'க்' ஆகிவிடும். ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை தேவையில்லை.

பழைய பொறி இயங்கவில்லையெனில், அது கெட்டுவிட்டதென்று எண்ணற்க. பெரும்பாலும் எழுத்துக் கம்பிகள் அசையும் பள்ளங்களில் பழைய எண்ணெயும் தூசியும் இறுகியிருக்கும். பெரியவர் துணையுடன், நெருப்புக்கு அப்பால் வைத்து, பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பள்ளங்களைத் தேய்த்து, கம்பிகளைப் பலமுறை அசைக்க வேண்டும். ஸ்பிரிட் வண்ணப்பூச்சில் படலாகாது. பள்ளங்களில் புதிதாக எண்ணெய் விடுவதும் தவறு. அது மீண்டும் தூசியை ஈர்க்கும். தாளைத் தாங்கும் உருளை, தோட்ட மக்கள் நன்கறிந்த இரப்பரால் ஆனது. நாளடைவில் அது இறுகிவிடுமாதலால், தட்டும்போது இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்தல் நன்று. மை நாடா இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.

பெற்றோர்களே! கணினி வந்தபின் தமிழ்த் தட்டச்சுப்பொறிகளின் உற்பத்தி நின்றுவிட்டது. ஓர் ஆங்கிலப் பொறி போனால் வேறொன்றைத் தேடிப் பெறலாம். தமிழ்ப் பொறியோ எளிதில் கிட்டாது. கோயில், சங்கம், பள்ளி ஆகியவற்றின் அலமாரிகளில் ஒன்று கிடந்தால், பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, நாடா மாற்றி, பிள்ளைகள் தம் பெயரைத் தமிழில் தட்டிப் பார்க்கச் செய்யுங்கள். முன்னோர் உழைப்பை அவர்கள் விரல்களே உணர்ந்துகொள்ளும்.