வான்வழித் தூரமும் அட்டவணை நேரமும்

கேள்வி: சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே வான்வழித் தூரம் 268 கிலோமீட்டர் என்கிறார்களே, இது எப்படி அளக்கப்பட்டது? இவ்வளவு குறைந்த தூரத்துக்கு விமான அட்டவணையில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் காட்டுவது ஏன்?
– வாசகர், மத்திகிரி

பதில்: இத்தூரத்தைத் துல்லியமாகக் கணிப்பதற்கான அடித்தளம், விமானம் பறக்கத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இடப்பட்டுவிட்டது. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, இன்றைய சென்னை விமான நிலையத்தை அடுத்துள்ள பரங்கிமலைக்கு அருகே, ஏழரை மைல் நீளமுள்ள கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அடிக்கோடு எனப்படும் அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றின் உச்சியைத் தியோடலைட் என்னும் கோணமானியால் நோக்கினால் ஒரு முக்கோணம் அமையும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே கிடைத்துவிடும் என்பதால், அப்பக்கங்களின் மீது அடுத்தடுத்த முக்கோணங்களை அமைத்து அவருடைய குழு மேற்கு நோக்கி நகர்ந்தது. 1804இல் பெங்களூருக்கு அருகே மற்றொரு கோட்டை நேரடியாக அளந்து, முக்கோணங்களின் வழியே வந்த கணக்குடன் ஒப்பிட்டபோது, வேறுபாடு சில அங்குலங்களே இருந்தது. காட்டையும் மலையையும் கடந்து வந்த கணக்கு இவ்வளவு நெருங்கி நின்றது இன்றும் வியப்புக்குரியது. அம்முக்கோணங்கள் மேலைக் கடற்கரையை எட்டியபோது, வரைபடங்கள் 400 மைல் என்று காட்டிவந்த தீபகற்பத்தின் அகலம் ஏறத்தாழ 360 மைலே என்பதும் தெரியவந்தது.

இன்று இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொண்டு, பூமியின் மையத்தைச் சுற்றி வரையப்படும் பெருவட்டத்தின் வில்லாக, அதாவது உருண்டைப் பரப்பின் மீதான மிகக் குறுகிய வழியாக, தூரம் கணிக்கப்படுகிறது. விமானிகள் அதை 1.852 கிலோமீட்டர் கொண்ட கடல்மைலில் குறிப்பர். 268 கிலோமீட்டர் என்பது சுமார் 145 கடல்மைல்.

நேரத்தின் கணக்கு வேறு. அட்டவணை காட்டுவது பறக்கும் நேரத்தை அன்று, பிளாக் டைம் எனப்படும் நேரத்தை. புறப்படும் விமானத்தின் சக்கரங்களிலிருந்து முட்டுக்கட்டை எடுக்கப்படுவது முதல், சென்றடைந்த இடத்தில் மீண்டும் முட்டுக்கட்டை வைக்கப்படுவது வரையிலான நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும், எதிர்க்காற்றை நோக்கி எழும்பித் திசை திரும்புவதும், இறங்குவதற்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும். குறுகிய வழித்தடத்தில் ஏற்றமும் இறக்கமுமே பெரும்பகுதியாதலால், ஜெட் விமானம் தன் முழு வேகத்தில் செல்வது சில நிமிடங்களே.

ஓசூரை அடுத்த மத்திகிரிக்கு இந்த நேர்க்கோட்டுக் கணக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஊருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று பல்லாண்டுகளாக உள்ளது. ஆனால் 2008 மே மாதம் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தம், மைசூரும் ஹாசனும் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்வழித் தூரத்துக்குள் வேறொரு பன்னாட்டு விமான நிலையத்தை 25 ஆண்டுகளுக்கு அனுமதிக்கவில்லை. ஓசூரிலிருந்து தேவனஹள்ளிக்கு, நெரிசல் மிக்க பெங்களூரு நகரைக் கடந்தோ சுற்றியோ, சாலையில் செல்லவேண்டிய தொலைவு எவ்வளவாயினும், ஒப்பந்தம் கணக்கில் கொள்வது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நேர்க்கோட்டை மட்டுமே. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, இத்தடை விலகும் ஆண்டான 2033 மீண்டும் பேசப்பட்டதற்குக் காரணம் இதுவே.