மூட்டுக்கு மருந்து, இரைப்பைக்குப் புண்ணா?

ஆய்க்குடி, தென்காசி வட்டாரத்தில் நாற்று நடுவோரும் பீடி சுற்றுவோரும் விரல்களை நம்பி வாழ்பவர்கள். அவர்களுள் ஒருவருக்கு முடக்குவாதம் வந்துவிட்டால், மூட்டுகள் வீங்கிக் காலையில் விரல்கள் மடங்க மறுக்கும். வலி தீர மாத்திரையை நாடுவர். அந்த மாத்திரையே சிலருக்கு இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, இரத்தம் கசியச் செய்கிறது. மூட்டுக்கான மருந்து வயிற்றைத் தாக்குவது ஏன்?

இரைப்பையில் சுரக்கும் அமிலத்தின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 2. இரைப்பைச் சுவரின் மேற்பரப்பிலோ அது ஏறத்தாழ 7. பி.எச். அளவில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். எனவே இங்குள்ள வேறுபாடு 1,00,000 மடங்கு! இதைத் தாங்கி நிற்பது, ஒரு மில்லிமீட்டரினும் மெல்லிய சளிப்படலமும் அதிலுள்ள பைகார்பனேட்டும்தான். இவை குறையாமல் சுரக்கத் துணைபுரிவது புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்.

இதே வகைப் பொருள்தான் மூட்டில் வீக்கத்தையும் வலியையும் மிகுவிக்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971இல் ஆங்கில அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் இவ்வகையே. மூட்டில் வலி குறையும்போதே இரைப்பையின் காப்பும் குறைகிறது.

'ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குக் கேடில்லை' என்பது பலரது எண்ணம். அது சரியன்று. எவ்வழியில் சென்றாலும் மருந்து இரத்தத்தின் வழியே இரைப்பைச் சுவரை அடைகிறது.

யாருக்கு ஆபத்து மிகுதி?

1. 65 வயதைக் கடந்தவர்கள்.
2. முன்பே இரைப்பைப் புண்ணோ இரத்தக் கசிவோ ஏற்பட்டவர்கள்.
3. வலி மருந்தை மிகுந்த அளவில், அல்லது இரண்டை ஒருசேர உண்பவர்கள்.
4. அத்துடன் ஸ்டீராய்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, இதய நோய்க்கான ஆஸ்பிரின் ஆகியவற்றுள் ஒன்றையும் உண்பவர்கள்.
5. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா உள்ளவர்கள். இதைக் கண்டறிந்த மார்ஷல், வாரன் இருவரும் 2005இல் நோபெல் பரிசு பெற்றனர்.

முடக்குவாத நோயாளிகளிடம் இவற்றுள் பல ஒன்றுசேர்வதுண்டு. நெடுநாள் வலி மருந்து, கூடவே ஸ்டீராய்டு, மேலும் முதுமை. மருந்துக் கடையில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளில் முதலிரண்டுமே இருக்கக்கூடும்.

புண் உண்டானால் வயிற்றுவலி எச்சரிக்கும் என்றும் நம்ப இயலாது. வலியே இல்லாமல் இரத்தம் கசிவதுண்டு. மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதனால் அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறு. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவர் அளவைக் குறைக்கலாம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்தைச் சேர்க்கலாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் நோயையே கட்டுப்படுத்தினால், வலி மாத்திரையின் தேவையும் குறையும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுப் பெரியவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். மேற்கண்ட ஐந்தில் எவை அவருக்குப் பொருந்துகின்றன என்று பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.